ஷோர் 15: மரத்த காலுக்கென்று வந்த செருப்பு, எரிகிற காலில் எட்டு மாதம்

முதலில் விலை. என் காலைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 1,350 ரூபாய். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் அளவெடுத்துச் செய்த செருப்பு, ஒரு ஜோடி. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்துக்குள், பெயர்ப் பலகைகூட இல்லாத கடை. தன் பெயரைப் போடவேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். "கூட்டம் வந்தா என்னால ஆவாது தங்கச்சி, ஒரு நாளைக்கு ரெண்டு ஜோடிதான் முடியுது" என்றார். அதனால் இதில் அவர் வெறும் பாய்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள். பதினாறு வருஷத்தில் முதல் பன்னிரண்டு வருஷம் அப்பர் ஸ்டிச்சிங், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை, போஸ்ட் பெட் மெஷினில். செருப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கடையில் ஒரு ஜோடியை எடுத்தால் என் கை தானாக உள்ளே போய் லைனிங்கைத் தடவும். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று கண் எண்ணும். "செருப்பு வாங்க வந்தியா, செக்கிங் பண்ண வந்தியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

2021 நவம்பர் மழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்குப் பாலாறு என்றால் மணல், முள்செடி, அவ்வளவுதான். தண்ணீர் வந்துவிட்டது என்றதும் ஊரே பாலத்தில் போய் நின்றது. நானும் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் கேஸ் சிலிண்டர் கட்டிய ஒரு மொபெட் கூட்டத்துக்குள் நுழைந்து, என் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. ஓட்டியவரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களுக்குப் பின்னால் ஓடுகிற நீள எலும்புகளில் இரண்டு உடைந்தன. ஆறு வாரம் மாவுக்கட்டு. "தண்ணி பாக்கப் போன காலு" என்று எங்கள் அத்தை இன்றைக்கும் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.

கட்டுப் பிரித்த அன்றைக்குத்தான் அசல் தொல்லை ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. பாதம் மட்டும் வீங்கி, சாயங்காலம் ஆனால் கத்திரிக்காய் நிறத்துக்குப் போகும். ஒருநாள் இடது காலைவிட ஜில்லென்றிருக்கும், மறுநாள் அடுப்பு மாதிரி கொதிக்கும். போர்வையின் நுனி பட்டால் தாளிப்பு எண்ணெய் தெறித்த மாதிரி எரியும். ஃபேன் காற்றுகூட ஆகாது. முதலில் பார்த்த இடத்தில், "எலும்பு கூடிடுச்சு, இனிமே மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு வருஷம் போயிற்று. அப்புறம் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நிறம், வியர்வை, நகம் வளர்ந்திருக்கும் விதம் எல்லாம் பார்த்துவிட்டுப் பெயரைச் சொன்னார்: சி.ஆர்.பி.எஸ்., அதாவது காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு அடங்காமல் இருக்கிற நிலை. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அப்ப இது நெஜந்தானே டாக்டர்?"

பிசியோதெரபி மேடம் மூளை, தண்டுவடம் என்று படம் போட்டு விளக்கினார். எனக்கு என் மெஷின் கணக்கில்தான் புரிந்தது. கிளட்ச் தேய்ந்த மெஷினில் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஊசி நாலைந்து குத்து குத்திவிட்டுத்தான் நிற்கும். என் காலில் அந்த ஊசி நிற்கவே இல்லை. கீழே தோலும் இல்லை, நூலும் தீர்ந்துவிட்டது, ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னதும் மேடம் சிரித்துவிட்டு, "இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கட்டுமா?" என்றார்.

அவர் கொடுத்த பயிற்சியில் ஒன்று, தொடுகையைக் காலுக்கு மறுபடி பழக்குவது. பஞ்சு, பட்டுத்துணி, துண்டு என்று மெதுவானதிலிருந்து சொரசொரப்பானது வரை ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும். என்னிடம் அதற்கு வேறு சாமான் இருந்தது. கம்பெனியில் கட்டிங்கில் விழும் துண்டுகளைக் கேட்டு வாங்கி வரிசை போட்டேன்: முதலில் ஷீப் நப்பா என்கிற மெத்தென்ற செம்மறித்தோல், அப்புறம் ஆட்டுத்தோல் லைனிங், அப்புறம் ஸ்வேடு, கடைசியில் மாட்டுத்தோலின் பின்பக்கம். நப்பாவிலிருந்து லைனிங்குக்குப் போகவே இரண்டு மாதம் ஆயிற்று. கண்ணாடிப் பயிற்சியும் உண்டு: இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் அசைப்பது. பையன் அதை மேஜிக் ஷோ என்பான். மாத்திரையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் டாக்டர் பாடு.

ஈ.எஸ்.ஐ.யில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைத்தது. அதற்கு மேல் வீட்டில் உட்கார முடியாது. வலது கால்தான் பெடல் கால் என்பதால் மெஷினுக்கும் திரும்ப முடியவில்லை. கன்வேயரில் நூல் வெட்டுவது, பிசிறு பார்ப்பது, பசை துடைப்பது என்று வேலை கொடுத்தார்கள். எல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு சாமான் நல்லதா கெட்டதா என்று நான் பார்க்கும் விதம் இங்கிருந்து வந்தது. வலி போயிற்றா என்று எதையும் நான் கேட்பதில்லை. எத்தனை நிமிஷம் நிற்க முடிகிறது, அதுதான் கேள்வி. கன்வேயருக்கு எதிரே சுவர்க் கடிகாரம் இருக்கிறது. எரிச்சல் பாதத்தை விட்டுக் கணுக்காலுக்கு மேல் ஏறுகிற நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, வீட்டில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்னால் குறித்துவிடுவேன். சாதாரண ரப்பர் செருப்பில் 25 நிமிஷம். அங்கிருந்துதான் கணக்கு.

பாயிடம் வருவதற்கு முன்னால் வாங்கியதை எல்லாம் எழுதினால் இது செலவுப் பட்டியல் ஆகிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். தைலங்கள் எல்லாம் தேய்க்கச் சொல்கின்றன. தொடவே முடியாத காலில் எதைத் தேய்ப்பது? அவை அத்தையின் முட்டிக்குப் போய்விட்டன. ஐஸ் பை வைத்தால் அரைமணி சுகம், ராத்திரி அதற்கு வட்டியும் முதலுமாக எரியும். மேடம் கேள்விப்பட்டதும் நிறுத்தச் சொல்லிவிட்டார். கணுக்காலில் போடும் செம்பு வளையம் பச்சைக் கறை தந்தது. "அப்பவே புத்தூர் கட்டு போட்டிருந்தா இந்த வம்பு இல்ல" என்று சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். கட்டு உடைந்த எலும்புக்கு. எனக்குத்தான் எலும்பு ஜோராகச் சேர்ந்துவிட்டதே.

கரண்டு மெஷின் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நிறையப் பேர் வாங்குகிறார்கள். டென்ஸ் என்பார்கள், ஆன்லைனில் 1,900 ரூபாய். ஒட்டுகிற பட்டைகள் வழியாக லேசான மின்துடிப்பு வரும். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது, தொடுகை மாதிரியான வேறு சேதி நிறைய வந்தால் அந்தக் கதவு பாதி சாத்திக்கொள்ளும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-இல் சொன்னார்கள். மெஷின் அந்தக் கணக்கில் வேலை செய்கிறது என்று மேடம் சொன்னார். என் காலில் தொடுகையே வலி ஆயிற்றே. நான் பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்துப் பாதத்திலேயே ஒட்டி, அலறி, பிய்த்து எறிந்தேன். அப்புறம் மேடம் ஆடுதசையில் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். இப்போதும் ராத்திரி இருபது நிமிஷம் போடுகிறேன். படுக்க உதவுகிறது, நிற்க உதவாது. கொடுத்த காசுக்கு மோசமில்லை.

நிஜமாகவே கோபம் வந்தது மெமரி ஃபோம் ஷூவில்தான். 2,799 ரூபாய். முதல் நாள் மெத்தை மேல் நிற்கிற மாதிரி இருந்தது, 45 நிமிஷம் போயிற்று. மூன்றாவது வாரம் 30. அந்த ஞாயிற்றுக்கிழமை சீம் ரிப்பர் எடுத்து உள்ளங்கால் பட்டையைக் கிழித்துப் பார்த்தேன். கம்பெனி புத்தி. மேலே நாலு மில்லிமீட்டர் ஸ்பாஞ்சு, அதுவும் விரல்களுக்குப் பின்னால் ஊன்றுகிற பாதப்பந்து இருக்கிற இடத்தில் அப்பளம் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. அதற்குக் கீழே மட்டமான அட்டை. பெருவிரல் பக்கம் லைனிங்கில் ஓவர்லேப் தையல் ஒன்று உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் லைனில் அது வந்திருந்தால் செக்கிங் பெண் சாக்பீஸில் வட்டம் போட்டுத் திருப்பி எறிந்திருப்பாள். நல்ல காலுக்கு அந்தத் தையல் இருப்பதே தெரியாது. எனக்கு அது நாள் முழுக்கக் குத்தும் முள்.

பாய் கடையைச் சொன்னது கம்பெனியில் பழைய பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது நாங்கள் திருப்பத்தூருக்குப் போய்விட்டோம். ஆனால் உடம்புக்கு வந்தால் எங்களுக்கு இன்னும் வேலூர்தான்.

பத்துக்குப் பத்து கடை. ஒரு தையல் மெஷின், சுவரோரம் மரக் கட்டைப் பாதங்கள், நாங்கள் லாஸ்ட் என்போம், மூலையில் சாம்பலும் கறுப்புமாகச் சுருட்டி வைத்த ரப்பர் ஷீட். சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது. அவரும் ராணிப்பேட்டை பக்கம் கம்பெனியில் இருந்து ரிட்டையர் ஆனவர். "எந்த செக்‌ஷன்?" என்றுதான் முதலில் கேட்டார். காலைப் பற்றி அப்புறம்.

அளவெடுக்கிற கட்டம்தான் எனக்குப் பயமாக இருந்தது. இதற்கு முன் இரண்டு கடையில் டேப்பைச் சட்டென்று சுற்றி என் உயிரை எடுத்திருக்கிறார்கள். பாய் தரையில் பழுப்புத்தாளை விரித்தார். நான் செருப்பைக் கழற்றினதும் பாதத்தின் நிறத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பென்சிலை என் கையில் கொடுத்து, "நீயே வரைம்மா, உனக்குத்தான் எங்க தொடலாம்னு தெரியும்" என்றார். குனிந்து, பென்சிலைத் தோலில் படாமல் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, என் காலை நானே சுற்றி வரைந்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை அவர் வேறு வேலை பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று, இரண்டு காலுக்கும் நாலு படம். அப்புறம் என் பழைய செருப்பைக் கவிழ்த்து வெளியோரம் மட்டும் தேய்ந்திருப்பதைக் காட்டினார். வலிக்குப் பயந்து பாதத்தைச் சாய்த்தே நடந்திருக்கிறேன். இடுப்பு வலி ஏன் என்று அன்றுதான் தெரிந்தது.

எரிகிற இடத்தையும் என்னையே தாளில் குறிக்கச் சொன்னார். மூன்றாம் நாலாம் விரலுக்குப் பின்னால், ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். முன்வாரை அந்த வட்டத்துக்குப் பின்னால் அரை இஞ்சு தள்ளிப் போடுவதாகச் சொன்னார். விரலிடுக்கில் வார் கிடையாது. ஓரத்தை வெட்டி விடாமல் மடித்துத் தைப்பது, உள்ளே ஒரு தையல்கூடத் தெரியாமல் நப்பா லைனிங், பின்வார் அகலமாக, இரண்டும் வெல்க்ரோ. ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் பசைதான். அடித்தட்டு வளையாமல், முன்பக்கம் படகு மாதிரி லேசாகத் தூக்கி இருக்கும். அடி வைக்கும்போது விரல்களுக்குப் பின்னால் மடங்காமல் உருண்டு போய்விடும், உடைந்த இடத்தில் பாரம் குறையும்.

அப்புறம் அந்த ரப்பர். ஒரு துண்டை என்னிடம் கொடுத்து, "கட்டை விரலால அமுத்து, எண்ணு, விடு" என்றார். பத்து எண்ணும்வரை அழுத்தினேன். விட்டதும் குழி தானாக எழுந்து வந்தது. உள்ளே ஒன்றுக்கொன்று வழியில்லாமல் மூடிய குட்டிக் குட்டிக் காற்றறைகள். அதனால் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்காது, காற்றும் வெளியே ஓடிவிடாது. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். ரப்பரின் கெட்டியை அளக்கிற ஷோர் கணக்கில் இது 15, எண் குறையக் குறைய மெத்தென்று இருக்கும். வீட்டில் போடும் ஹவாய் செருப்பு இதைவிட எவ்வளவோ கெட்டி. இதைவிட மெத்தென்று இருந்தால் பாரத்தில் அமுங்கி ஒட்டிவிடும், கெட்டியாக இருந்தால் தாங்காது என்று விளக்கினார்.

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் செருப்பைப் பார்த்ததும் வேறு ஒன்று ஞாபகம் வரும். தொழுநோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு என்று வந்தது இது. அவர்களுக்கு அரசு இலவசமாகவே தருகிறது. வேலூருக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட் என்ற சர்ஜன், விரல்கள் நோயால் தானாக உதிரவில்லை, வலி தெரியாததால்தான் காயம் மேல் காயம் பட்டுக் குறைகின்றன என்று கண்டுபிடித்தார். அப்புறம் 1955-இல் வேலூர் பக்கத்தில் தொழுநோய்க்கென்று கரிகிரி ஆஸ்பத்திரி வந்தது. பாய் வெட்டிக்கொண்டே ஒரு கதை சொன்னார்: ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது, அதனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கையோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம். நான் சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை. எலி கடித்தாலும் தெரியாத காலுக்கு யோசித்து யோசித்துச் செய்த ரப்பரின் மேல், போர்வை பட்டாலே அலறுகிற என் காலை வைக்கப்போகிறேன். பாய்க்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "அந்தக் காலு சொல்ல வேண்டியதைச் சொல்லாது, உன் காலு சொல்ல வேண்டாததைச் சொல்லுது. ரெண்டுக்கும் பாரத்தைப் பரப்பி விடணும், அவ்வளவுதான்" என்றார்.

எட்டு நாளில் தருவதாகச் சொன்னது பதினேழு நாள் ஆயிற்று. இரண்டு தடவை போன் செய்தேன். முதல் தடவை மழை, பசை காயவில்லை. இரண்டாவது தடவை அவருக்கே காய்ச்சல். இது ஒரு குறை, எழுதிவிடுகிறேன்.

இனி நாள்காட்டிக் கணக்கு. முதல் நாள் 20 நிமிஷம், ஆமாம், பழையதைவிடக் குறைவு. முன்பக்கம் தூக்கிய அடித்தட்டு பழகாமல் ஆடுதசை இழுத்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதல் வார முடிவில் 50. மூன்றாவது வாரம் 1 மணி 40 நிமிஷம். மூன்றாவது மாதம் ஒருநாள் டீ பெல் அடித்தபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன், 2 மணி 10 நிமிஷம் ஆகியிருந்தது. எல்லாப் பெருமையையும் செருப்புக்கே கொடுக்கமாட்டேன். தோல்துண்டுப் பயிற்சியும் அதே மாதங்களில்தான் ஸ்வேடைத் தாண்டியது. வலி? இருக்கிறது. அது தூங்குவதே இல்லை. முன்பு என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது, இப்போது காலில் இருக்கிறது.

ஏழாவது மாதம் கணக்கு இறங்க ஆரம்பித்தது. 1 மணி 30 நிமிஷத்துக்கு வந்தது. கிழித்துப் பார்க்கத் தேவையில்லாமல், பாதப்பந்துக்கு அடியில் விரல் வைத்தாலே பள்ளம் தெரிந்தது. பாய் மேல் ஷீட்டை மட்டும் உரித்து மாற்றித் தந்தார், 350 ரூபாய். எம்.சி.ஆர். சாசுவதம் இல்லை. தினம் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்தச் செலவுக்கு எடுத்து வைக்க வேண்டும்.

மற்ற குறைகள். கனம் அதிகம். வெயிலில் உள்ளங்கால் வியர்த்து நசநசக்கும். எங்கள் ஊர் மே மாதத்தில் மத்தியானம் ஒருமுறை கழற்றித் துடைக்காமல் இருக்க முடியாது. வெல்க்ரோ கம்பெனியில் இருக்கிற நூல் பிசிறை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும், வாரத்துக்கு ஒருமுறை சீப்பால் வாரிவிடுகிறேன். மழையில் நனைந்தபோது பின்வார் லைனிங் ஓரம் எழும்பியது, நானே பசை போட்டு ஒட்டினேன். கோயிலுக்குப் போனால் கழற்றித்தானே ஆகவேண்டும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு மத்தியானம் போய், கல் தரையில் பத்தடிகூட வைக்க முடியாமல் திரும்பி வந்திருக்கிறேன். இப்போது சாயங்காலம், சாக்ஸ் போட்டுக்கொண்டு. ஒரு நல்லது உண்டு, வெளியே விட்டால் யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

அந்தக் கடைசி வரியில் ஒரு கசப்பும் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு வயதான அம்மா என் செருப்பைப் பார்த்துவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனார். நோயைப் பற்றி ஊருக்கு எத்தனை எடுத்துச் சொன்னாலும் கண்ணுக்கு அந்தப் பழைய பயம் போகவில்லை. பாயிடம் சொன்னேன். "அதுக்குத்தான் நான் கறுப்பு போடறதில்ல, மெரூன், பழுப்பு, சைடுல ஒரு டிசைன் தையல். இப்ப எல்லாரும் இத சுகர் செருப்புன்னுதான் சொல்றாங்க, நீயும் அப்படியே சொல்லிடு" என்றார். நான் சொல்வதில்லை. யாராவது கேட்டால் அடிபட்ட கதையை ஆற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாதியில் ஓடிவிடுகிறார்கள்.

பெரிய சண்டை வீட்டுக்குள்தான். வெறுங்காலோடு வீட்டிலும் நிற்கக்கூடாது என்பது மேடம் உத்தரவு. சமையல்கட்டில் செருப்பா? "இன்னாடி இது, அடுப்பாண்ட செருப்பு, அந்தப் பக்கம் சாமி படம்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நாற்பது வருஷம் அந்தத் தரையை அவர்தான் கழுவியிருக்கிறார். வீட்டுக்கென்று வெளியே போகாத தனி ஜோடி என்று சொல்லிப் பார்த்தேன். "செருப்பு செருப்புதான்." இரண்டு வாரம் அவரே சமைத்தார், முட்டி வலியோடு, பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துக்கொண்டு.

இதைப் பாயிடம் புலம்பியபோது அவர் ஒன்றும் சொல்லாமல் மூலையிலிருந்து ஷீட்டை இழுத்தார். ஒன்றரை அடிக்கு இரண்டடி துண்டு வெட்டி, அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டி, "இது செருப்பு இல்ல, பாய்" என்றார். தான் சொன்னதைக் கேட்டுத் தானே சிரித்தார். 240 ரூபாய். அடுப்புக்கு முன்னால் போட்டு, வெறுங்காலோடு அதன் மேல் நின்றுதான் இப்போது சமைக்கிறேன். சாமிக்கும் ஆட்சேபம் இல்லை. செருப்பளவுக்கு வராது, முன்பக்கத் தூக்கல் கிடையாதே. ஆனால் ஒரு சாம்பார், ஒரு பொரியல், எட்டு தோசை வரை தாங்குகிறது. வீட்டில் நின்றே வேலை செய்கிறவர்கள் செருப்பு வாங்காவிட்டாலும் இந்தத் துண்டையாவது வாங்குங்கள்.

போன மாதம் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வந்தபோது துண்டு அடுப்பண்டை இல்லை. அத்தை அதைத் திண்ணைப் பக்கம் இழுத்துப் போட்டு, மேலே நின்று மாவுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு காலை மட்டும் கீழே வைத்தார்.

நேற்று பாய்க்குப் போன் செய்து இன்னொரு துண்டு வேண்டும் என்றேன்.

"யாருக்கு? எந்தக் காலு?"

"எங்க அத்தைக்கு பாய். ரெண்டு காலும்."

எட்டு நாளில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.